பன்னிரண்டாவது நாற்காலிக்கு எத்தனை மார்க்?

டிவியில் ஒரு பிஸ்கெட் விளம்பரம் வருகிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே ஒருத்திக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஆபீசில் அவளுக்குப் பெயர் மார்க் அக்கா. விளம்பரப் படம் எடுப்பவர்கள் படத்தை நேராக டிவிக்கு அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் அது இந்த ஆபீசுக்கு வரும். வெளியாட்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, டீயும் ஒரு பரிசுப் பையும் கொடுத்து, ஓர் அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். அறையின் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மார்க் அக்காவுக்கோ பன்னிரண்டு பேரும் தெரிவார்கள். ஒளித்து வைத்துப் பார்க்கிற வேலை இல்லை இது, முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். டீ வந்ததும் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அவள் மடியில் ஒரு தாள். பன்னிரண்டு வரிசை, நொடிக்கு ஒரு கட்டம். உதடு நீண்டால் ஒரு மார்க். பல் தெரிந்தால் இரண்டு. சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் மூன்று. இந்த மூன்றாவது மார்க் அவளே கண்டுபிடித்தது. ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டால் மனிதனுக்கு உடனே ஓர் ஆள் வேண்டும், 'நீயும் பார்த்தாயா' என்று கேட்க. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, திரும்பிவிடுவார்கள். நல்ல காரியத்துக்காக எடுக்கும் உருக்கமான படங்களுக்குத் தனிக் கணக்கு. எச்சில் விழுங்கினால் ஒன்று, கை கண்ணுக்குப் போனால் இரண்டு, படம் முடிந்ததும் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினால் மூன்று.

படம் முடிந்ததும் எல்லாரும் காகிதத்தில் 'மிகவும் பிடித்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பரிசுப் பை வாங்கிக்கொண்டு வேறு என்ன எழுத முடியும்? அந்தக் காகிதத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். மார்க் அக்கா தாளைத்தான் கேட்பார்கள். அவள் 'தேறாது' என்று எழுதிய படத்துக்காகப் பெரிய பெரிய இயக்குநர்கள் தலைகீழாக நின்று பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் நடந்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கணக்கு ஒரு தடவைகூடப் பொய்த்தது கிடையாது.

இந்த வேலையில் அவள் கொடுத்த விலை ஒன்று உண்டு. அவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் ஒரு கட்டம் தவறிவிடும். ஆபீசில் ஆரம்பித்த பழக்கம் வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது.

வாய்த்த கணவரோ கல்லையும் சிரிக்க வைக்கிறவர். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வேன் தெருமுனையில் திரும்பும் முன்பே பிள்ளைகளின் சிரிப்பு வந்துவிடும். வீட்டுக்கு வந்தும் அடங்க மாட்டார். அடுப்பங்கரை வாசலில் நின்று ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார், எடுத்துவிட்டு, "எத்தனை மார்க்கு?" என்பார். அவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "ஃபெயில்" என்பாள். அவர் அதற்கும் சிரிப்பார். உள்ளுக்குள் அவளும் சிரித்தாள் என்பது வேறு விஷயம். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கும்போது யார் இன்றைக்குச் சொல்கிறார்கள்?

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கை ஆட ஆரம்பித்தது. பிறகு நடை குறுகியது, பேச்சு மெதுவானது. கடைசியில் முகம் நின்றுபோனது. அந்த நோயில் அப்படித்தான் ஆகும், முகத் தசை சோம்பிவிடும், சந்தோஷமோ துக்கமோ வெளியே தெரியாது என்றார் டாக்டர். மனசு அலைபாய்ந்தால் நடுக்கம் கூடும், அதனால் அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டாள். வீட்டில் சத்தம் கூடாது. கும்பலாக யாரும் வரக் கூடாது. சாயங்காலம் இருவரும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், அவர் வலது கையை இவள் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். நாடகம் ஓடும்போது கை லேசாகத்தான் ஆடும். நடுவே விளம்பரம் வந்தால் திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளிச்சமும் கூச்சலும் அவருக்கு ஆகவில்லை என்று இவள் ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவாள். அணைத்ததும் கை மெல்ல அடங்கும். 'பார்த்தாயா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, அப்பா சந்தோஷமா இருக்காராம்மா என்று கேட்பாள். சாப்பிட்டார், தூங்கினார், மாத்திரை போட்டார் என்று இவள் சுற்றி வளைப்பாள். ஊரில் இருக்கிறவன் முகத்தையெல்லாம் நொடிக்கு ஒரு கட்டமாகப் படித்தவளுக்கு வீட்டில் இருக்கும் ஒரு முகம் பிடிபடவில்லை. அதற்குப் பின்னால் அவர் இன்னும் பழைய ஆளாகத்தான் இருக்கிறாரா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போய்விட்டாரா? நேரே கேட்கவும் பயம். அவர் ஒரு வார்த்தையைத் தேடி எடுத்து முடிப்பதற்குள் இவளுக்குத் தாங்காது, தானே அதை முடித்துவிடுவாள்.

டாக்டரின் கிளினிக் ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே இருந்தது. பரிசோதனை நாளில் காலையிலேயே அவரைக் கையோடு அழைத்துவந்து ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார வைப்பாள். ஒரு படம் முடித்துவிட்டு அரை நாள் விடுப்பில் கூட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கும் அப்படித்தான். அன்று வந்திருந்தவை ஒரே கம்பெனியின் இரண்டு படங்கள். ஒன்று பிஸ்கெட்டுக்கு, சிரிப்புப் படம். இன்னொன்று அவர்களுடைய சத்து பானத்துக்கு, உருக்கமான படம். இரண்டில் ஒன்றுதான் முதலில் டிவிக்குப் போகும்.

கூப்பிட்டிருந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். ஆள் பிடிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பதறிப்போய் வரவேற்பறைக்கு ஓடினாள். அங்கே ஒரு பெரியவர் சும்மா உட்கார்ந்திருந்தார். சார், ஒரு பத்து நிமிஷம் வர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மார்க் அக்கா தாளை விரித்துவிட்டு நிமிர்ந்தபோது, பன்னிரண்டாவது நாற்காலியில், கண்ணாடிக்கு ஆகக் கிட்டத்தில், தன் கணவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். சொந்தக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது விதி. பக்கத்தில் இருக்கும் மணியை அடித்தால் படத்தை நிறுத்திவிடுவார்கள். அவள் கை மணி வரைக்கும் போனது. அதற்குள் விளக்கு அணைந்து படம் தொடங்கிவிட்டது. தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கை தானாகத் திரும்பிவந்து பேனாவைப் பிடித்துக்கொண்டது.

பிஸ்கெட் படம். ஒருவன் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் மடியில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பைக்கில் வருகிறான். பதினோரு பேருக்கு உதடு நீண்டது. பன்னிரண்டாவது முகத்தில் ஒன்றுமில்லை, அவள் பூஜ்யம் போட்டாள். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைப் போடச் சொல்கிறார். அவன் தவித்துத் தயங்கிப் போடுகிறான், உள்ளே ஒளித்து வைத்திருந்த பிஸ்கெட்டெல்லாம் தலையிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. அறையே சிரித்தது. பன்னிரண்டுக்குப் பூஜ்யம். போலீஸ்காரர் அபராதச் சீட்டு எழுதப்போகிறார் என்று பார்த்தால், தன் தொப்பியைக் கழற்றித் திருப்பி ஏந்துகிறார். பத்துப் பேர் பக்கத்தில் திரும்பினார்கள்.

மூன்றாவது பூஜ்யத்தைப் போடக் குனிந்தவளின் பார்வை அவர் முழங்காலில் இருந்த கையில் போய் விழுந்தது. கை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐயோ, ஆகவில்லை, எழுப்பிவிட வேண்டும் என்று பாதி எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். இருபத்திரண்டு வருடம் கட்டம் போட்ட கண் அது. இதற்கு முன் பிஸ்கெட் கொட்டியபோதும் ஓரக் கண்ணில் அந்தக் கை அடித்துக்கொண்டது. மடியில் ஹெல்மெட்டைப் பார்த்தபோதும் அடித்துக்கொண்டது. இடையில் அடங்கியிருந்தது. மற்றவர்கள் எந்தெந்த நொடியில் சிரித்தார்களோ, அந்தந்த நொடியில்.

மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து அடுத்த படத்துக்குக் காத்திருந்தார்கள். அப்போதுதான் அவர் கழுத்து மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இருந்த பக்கம் இல்லை. இந்தப் பக்கம், கண்ணாடிப் பக்கம். இருபது வருடமாக அவள் வீட்டில் வந்து சொன்ன கதையெல்லாம் கேட்டவர் அவர், பின்னால் யார் உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? திரும்பி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. திரும்பி, தன் அசையாத முகத்தோடு, அவள் இருக்கும் இடத்தைப் பார்த்தார். கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

மார்க் அக்காவுக்குத் தாள் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

அடுத்த படம் ஓடியது. கை நடுங்கும் பெரியவர் ஒருவர், விருந்தாளிகள் முன்னால் கோப்பையைத் தூக்கும்போது தளும்பிக் கொட்டிவிடுகிறார். மருமகள் எழுந்து போய் எல்லாருக்கும் அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொண்டுவருகிறாள், அப்புறம் யாருக்கும் கொட்டவில்லை. விற்பனையில் ஒரு பங்கு நடுக்குவாத நோயாளிகளுக்கு என்று எழுத்து வருகிறது. ஒன்பது பேர் கை கண்ணுக்குப் போனது, இரண்டு பேர் போனையே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது நாற்காலியிலோ, பெரியவர் கோப்பையைத் தூக்கிய அந்த இடத்தில், கை மறுபடியும் படபடவென்று ஆடியது. உருக்கமான படத்துக்கும் சிரிக்கிறாரா மனிதர்? அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிரிப்பு என்று நினைத்ததெல்லாம் தன் ஆசைதானோ?

கிளினிக் போகும் வழியில் ஒரு மர நிழலில் அவரை நிறுத்திக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்தாள். முடித்துவைக்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கெழவன்... நடிக்கத் தெரியாதவன். இது... சும்மா இருக்கும்போதுதான் ஆடும். எதையாச்சும்... தூக்கினா கொறஞ்சிடும். அவன் தலைகீழா... ஆட்டுறான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சிரிப்பு... தாங்கல" என்றார்.

நான்கு வருடம் அவர் சிரித்த ஒவ்வொரு தடவையும் கையை அமுக்கிப் பிடித்து டிவியை அணைத்திருக்கிறாள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான் அணைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"

"நீ பகலெல்லாம்... விளம்பரம்தான பாக்குற. வீட்லயும் வந்தா... உனக்கு அலுப்பா இருக்கும்னு நெனச்சேன்."

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய், தாளில் ஒரு வரிசை தன் கணவருடையது, செல்லாது என்று ஒப்புக்கொண்டாள். பன்னிரண்டாவது வரிசையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் ஒரு குறிப்பு எழுதினாள்: கோப்பையைத் தூக்கும்போது கை இவ்வளவு நடுங்காது, தூக்கும் முன்னால் நடுங்கட்டும், திருத்தி எடுத்தால் இந்தப் படமும் தேறும். கம்பெனிக்காரர்கள் பிஸ்கெட் படத்தை முதலில் விட்டார்கள். மற்றதைத் திருத்தப் போயிருக்கிறார்களாம், பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம் போலக் கேட்டாள். இவள் சுற்றி வளைக்கவில்லை. இருக்காருடி, ரொம்ப சந்தோஷமா இருக்கார், எனக்குத்தான் தெரியாமப் போச்சு என்றாள்.

பிஸ்கெட் படம் டிவியில் முதல் தடவை வந்தது ஒரு சாயங்காலம். இருவரும் சோபாவில் இருந்தார்கள். அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை, கையின் கீழே அன்றைய செய்தித்தாளை மட்டும் விரித்து வைத்திருந்தாள். ஹெல்மெட் வந்தது, தாள் சலசலத்தது. பிஸ்கெட் கொட்டியது, தாள் கிழிந்துவிடும் போலச் சலசலத்தது. அதைக் கேட்டதும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் முன்பே திரும்ப ஆரம்பித்திருந்தார். போலீஸ்காரர் தொப்பியை ஏந்தி, படமும் முடிந்து, அடுத்த விளம்பரம் வந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அவள் காத்திருந்தாள். அசையாத முகத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மார்க்கு," என்றார். தாள் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. "இப்பதான்... பாஸாயிருக்க."