உப்பில்லாத சால்மன்

முதலில் இறுகியது மெட்டி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கால்விரல் மெட்டிக்கு மேலும் கீழும் பிதுங்கியிருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தும் கழலவில்லை. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த பத்தர் அதை அறுத்து எடுத்தார். "முழுகாம இருக்கியாம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, பிள்ளை இல்லை. அந்தக் கேள்விக்கு நான் பழகியிருந்தேன்.

அடுத்து முகம். காலையில் கண் இமைகள் ஊதியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். பாசாரில் பார்த்தவர்கள் எல்லாம் "சரசு சதை போட்டிருக்கா, புருஷன் சமையல்காரனாச்சே" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிறுநீர் சோப்பு நுரை போலப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. அது சொல்கிற விஷயமா என்று வெட்கப்பட்டேன். இதைப் படிக்கும் பெண்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்ய வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார்கள். முட்டையின் வெள்ளைக் கரு வேகும்போது திரளுமே, அப்படி வெள்ளையாகத் திரண்டது. அது ஆல்புமின் (இரத்தத்தில் தங்க வேண்டிய புரதச் சத்து) என்றும், எனக்கு வந்திருப்பது நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) என்றும் டாக்டர் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாகத்தான் பேசினார்.

"உப்பு வேண்டாம். கறியில, சோத்தில, ஒண்டிலயும் வேண்டாம். மீன் சாப்பிடலாம், முட்டை வெள்ளைக் கரு சாப்பிடலாம். உடம்பில இருந்து சத்துப் போகுது, அதைத் திரும்ப ஏத்த வேணும்."

என்ன சமைப்பீர்கள், எப்படிச் சமைப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று வாரம் வார்டில் படுத்திருந்தேன். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லா முட்டை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. வாயில் வைத்ததும் நாக்கு அதை வெளியே தள்ளும். பக்கத்துக் கட்டில்காரி ஊறுகாய் நக்குவதைப் பார்த்து ஒருநாள் அழுதிருக்கிறேன். வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் புக்கிட் பாருவுக்கு அப்பால் ஒரு தோட்டத் துரையின் பங்களாவில் குக்கி (சமையல்காரர்). சைக்கிளில் போய்வருவார். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய துரையும் மூட்டை கட்டினார். போகும்போது மேம் ஸ்டோர் அறையிலிருந்த சால்மன் மீன் டின்களைப் பெட்டியோடு இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து வருஷம் சமைத்துப் போட்டதற்கு வேலையும் போய்க் கையில் வந்தது அந்தப் பெட்டிதான்.

ஆனால் அவர் அதைப் புதையல் போலத் தூக்கி வந்தார். "மேம் காச்சல்ல கெடந்தப்ப வேற எதுவும் எறங்காது, சரசு. சால்மன்தான் கேப்பாங்க. நோயாளிக்கின்னே உள்ள மீன் இது."

வீட்டில் அடுப்புப் பக்கமே வராத மனிதர் எனக்காகச் சமைக்க உட்கார்ந்தார். உப்பு ஜாடியைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார். பிளாச்சான் என்கிற உப்பு இறால் விழுதையும் சோயா சாற்றையும் தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். டின்னைத் திறந்து, மீனை அதன் சாற்றோடு வழித்துச் சட்டியில் போடுவார். சாற்றில்தான் சத்து என்பார். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் எலுமிச்சை. ஒரு துண்டைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. பங்களாவில் கரண்டியை வாயில் வைத்தால் மேம் வேலையை விட்டே துரத்துவாளாம். "ருசி பாத்து சமைக்கிறவன் குக்கியே இல்ல" என்று பெருமையாகச் சொல்வார். அதோடு, அந்த மீன் எனக்கென்று வைத்தது. அவர் வெறும் ரசத்தோடு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

முதல் வாய் வைத்ததும் எனக்கு உயிர் வந்தது. "உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு கல்லு போடல. சாமி மேல ஆணை. அது மீனோட ருசி. கைப்பக்குவம்."

நான் நம்பினேன். கடல் மீனுக்குக் கடலின் ருசி கொஞ்சம் இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மேலே கேட்க எனக்கு மனமில்லை. கேட்டு, அந்தத் தட்டும் போய்விட்டால்? இந்தக் கதையில் என் பங்குக் குற்றம் அவ்வளவுதான். அதை மறைக்கவில்லை.

பத்து நாளில் கால் மறுபடி வீங்கியது. டாக்டர் எடை பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்புச் சாப்பிடேல்லை எண்டு நீங்கள் சொல்லுறியள். உங்கட உடம்பு வேற கதை சொல்லுது."

"சாப்பிடல டாக்டர்."

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "வீட்டில கவனமாப் பாருங்கோ. இந்த நோய்க்காரர் களவாச் சாப்பிடுறது வழமை."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். புடவை மடிப்பை உதறினார். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு என் எதிரில் குந்தி, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்.

"நெஜத்த சொல்லு சரசு. ஒரு கல்லு வாயில போட்டுக்கிட்டியா? கோவிச்சிக்க மாட்டேன்."

"இல்லீங்க."

"அப்ப ஏன் வீங்குது? நான் பாத்துப் பாத்து சமைக்கிறேன். கண்ணால பாத்தல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை என்னை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சத்தியம் செய்வதென்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்லின் மேல் சூடம் கொளுத்தி, "நான் உப்புத் தொடவில்லை" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை வீங்கியிருந்ததால் வலி இரண்டு மடங்கு. தண்ணீர் எடுக்கக் குழாயடிக்கு வந்திருந்த பெண்கள் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டியைக் கோயிலுக்கு இழுத்து வந்து சத்தியம் வாங்குகிறான் என்றால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் உப்பு ஜாடியை மேல்தட்டிலிருந்து எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சத்தியம் முடிந்த பிறகு. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

எனக்கு வெறி வந்தது. சோறு வேண்டாம், கறி வேண்டாம், நீங்கள் கையால் போடும் மீன் மட்டும் போதும், அதிலாவது சந்தேகம் வராதே என்றேன். மூன்று வேளையும் சால்மன். என்னை நிரூபிப்பதற்காகத் தின்றேன். இரண்டு வாரத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்துவிட்டது. மறுபடி அதே வார்டு. முதுகில் ஊசி குத்தி நீரை இழுத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கலாகப் பாத்திரம் நிறைய வந்தது.

அங்கேயும் அவர் மதியம் தவறாமல் தூக்குச்சட்டியில் சால்மன் கொண்டு வந்தார். மீன் சாப்பிடலாம் என்பது டாக்டர் வாக்கு, ஆகவே யாரும் தடுக்கவில்லை. ஊசி போட்டும் வீக்கம் வடியவில்லை. இப்போது நர்ஸ்களும் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கம்போங் செட்டியிலிருந்து என்னைப் பார்க்க சீதா வந்தாள். என் வயதுக்காரி, சேர்ந்து பாசார் போகிற சிநேகிதி. தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன செட்டிப் பெண், பேசுவது மலாய், என்னோடு மட்டும் ஓட்டைத் தமிழில் பேசுவாள். எனக்கு அன்று மூச்சிரைப்பில் மீன் இறங்கவில்லை. வீணாக்க வேண்டாம் என்று மிச்சத்தை அவளிடம் நீட்டினேன். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

சீதா ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"மாசின் லா, சரசு! உப்பு! உனக்கு உப்பு சாப்பிட முடியாது, யார் இது கொடுத்தது?"

"உப்பு இல்லம்மா, அது மீன் ருசி" என்றார் அவர்.

"நான் நாக்கு இல்லையா? நீங்க சோறு இல்லாம தின்னுப் பாருங்க, பாங்" என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து.

அவர் தின்று பார்த்தார். அந்த மீனை அவர் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் மென்றார்.

நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார்.

"நான் ஒரு கல்லு உப்புகூட போடல டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்கள் போடேல்லை. டின்காரன் போட்டுட்டான்" என்றார் டாக்டர். தாளில் ஏதோ எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என்னைக் களவாணி என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை? கிடையாது. அவருக்கு நாற்பது நோயாளிகள்.

மெர்டேக்கா கொண்டாட்டத்து வேட்டுச் சத்தத்தை நான் வார்டில் படுத்துக் கேட்டேன். ஊரே திடலுக்குப் போயிருந்தது. எனக்கு அன்றைய மகிழ்ச்சி, ராத்திரியில் மல்லாந்து படுக்க முடிந்ததுதான். நாலு மாதத்தில் எழுந்து நடந்தேன். சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை, இனித் தேறாது. உப்பும் இனி இல்லை.

பெட்டியில் டின்கள் மிச்சமிருந்தன. வேலை போன வீட்டில் மீனைத் தூக்கி எறிய முடியுமா? டாக்டரிடம் கேட்டு, நானே சமைக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோயாளி இருந்தால், உங்கள் டாக்டர் சம்மதித்தால், இப்படிச் செய்யுங்கள்.

டின் சாற்றை முழுக்கக் கொட்டுங்கள். சத்து போகிறதே என்று இரங்க வேண்டாம், அதில் போவது விஷம். மீனை உதிர்த்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் விட்டு வடியுங்கள். மறுபடியும் ஊற்றுங்கள். பிழிந்து, நோயில்லாத ஒருவரை ருசி பார்க்கச் சொல்லுங்கள். கரித்தால் மூன்றாம் முறை. முழுதும் போகாது, ஆகையால் அளவு கொஞ்சமாகத்தான். இதற்குள் மீன் பஞ்சு போலாகிவிடும். அதற்கு உயிர் கொடுப்பது இனி உங்கள் கை.

எளிது எதுவென்றால் வாழையிலை. மிளகு, மஞ்சள், பூண்டு, செராய் (எலுமிச்சைப் புல்) தண்டின் வெள்ளைப் பகுதி எல்லாம் அரைத்துப் பிசறி, இலையில் மடித்துக் கரி அடுப்பின் தணலில் வையுங்கள். இலை கருகும் வாசனை உப்பின் பாதி வேலையைச் செய்யும். மீதிப் பாதியைப் புளிப்பு செய்யும். பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள், சமைக்கும்போது பிழிந்தால் கசக்கும். குழம்பு கேட்டால் புளித்தண்ணீரும் புங்கா கந்தான் என்கிற காட்டு இஞ்சிப் பூ மொட்டும் போதும். அது சீதா வீட்டுப் பக்குவம், பிளாச்சானை மட்டும் நான் விட்டுவிட்டேன். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்க விட்டு மீனை அதில் புரட்டினால் இனிப்பும் காரமுமாக நாக்கு ஏமாறும்.

டின் தீர்ந்த பிறகு உஜோங் பாசிர் கடற்கரையில் அன்றன்றைக்கு வரும் மீனுக்கு மாறினேன். பச்சை மீன் இன்னும் நல்லது, அலச வேண்டியதும் இல்லை. இவ்வளவும் ஒரு நாளில் கற்றுக்கொண்டதாக நினைக்காதீர்கள். பாதி நாள் தட்டைத் தூர எறிந்திருக்கிறேன்.

அவர் இப்போது எல்லாவற்றையும் ருசி பார்த்துத்தான் எனக்கு வைக்கிறார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஜாடி அடுக்களைக்கு வந்துவிட்டது. ஆனால் சூடத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு என்ன நம்பாமப் போயிட்டீங்களே?"

"டாக்டர் சொன்னாரில்ல" என்றார். "வீங்கினத நானும் பாத்தேன்ல."

என் நாள் இப்போது கடிகாரத்தில் தொடங்குவதில்லை. விடிந்ததும் அவர் வந்து கட்டை விரலால் என் கணுக்காலுக்கு மேல் அழுத்துவார். பள்ளம் விழுந்தால், அது நிரம்ப எத்தனை மூச்சு ஆகிறது என்று இருவரும் பார்த்திருப்போம். சீக்கிரம் நிரம்பினால் அது நல்ல நாள். என் கால் எனக்குச் சொந்தம் என்ற நினைப்பு போய் வெகுகாலமாகிறது. அதை நானும் அவரோடு சேர்ந்து தள்ளி நின்றுதான் பார்க்கிறேன்.

போன வாரம் அவர் குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டேன். "தொடாதீங்க. கேளுங்க, சொல்றேன்."

கொஞ்சம் திகைத்தார். "வீக்கம் இருக்கா?"

"இல்ல."

சரி என்று அடுக்களைக்குப் போனார். பானை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். என் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை. அதன் பிறகுதான் போய் அரிசி களைந்தார்.