வீட்டுக்குள் வைத்த வெடி

எங்கள் முன்னறைக்குச் சிலேட்டுக் கல் பதிக்க என் கணவர் ஆசைப்பட்டார். பருத்தித்துறையிலிருந்து வண்டியில் கல்லும் வந்து இறங்கியது. நிலத்தை மட்டமாக்கக் கொத்தினால், அறை நடுவில் அலவாங்குக் கம்பிக்கும் அசையாத பாறை. எங்கள் ஊர் புத்தூரில் எங்கே கொத்தினாலும் இதுதானே! கிணறு வெட்ட வைக்கிற வெடியை இதற்கும் வைத்தால் போச்சு என்று, துளையிட்டு மருந்தை அடைத்து, திரியைக் கொளுத்திவிட்டு வெளியே ஓடி வந்தார்.

காத்து நின்றோம். சத்தமே இல்லை.

"என்ன தம்பி, வெடி நித்திரை கொள்ளுதோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார் பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை. கூடி நின்ற சனம் சிரித்தது.

"திரி அணைஞ்சு நூந்திட்டுது. பாத்திட்டு வாறன்" என்று இவர் வாசற்படியில் கால் வைத்தார்.

"ஐயோ, போகாதேங்கோ!" பாய்ந்து வேட்டியைப் பிடித்தேன்.

"விடப்பா, ஆக்கள் பாக்கினம்!"

நான் விடவில்லை. இழுத்த இழுவையில் வேட்டி என் கையோடு வந்துவிட்டது. அதைப் பறிக்க அவர் திரும்பிக் குனிந்த கணத்தில் பாறை வெடித்தது. கதவு நிலையோடு பிய்ந்து முற்றத்தில் விழுந்தது. தேங்காயளவு கல்லொன்று அவர் தலைக்கு மேலால் பறந்து, கந்தையா அண்ணைக்குப் பக்கத்தில் நின்ற வேலிப் பூவரசை முறித்தது. கூரை ஓடுகள் நொறுங்கி எங்கள் மேல் கொட்டின. அவர் முதுகெல்லாம் இரத்தம்.

"நான் செத்துப் போனனோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

முதுகு ஆறிவிட்டது. இடது காது இன்றும் கேட்பதில்லை.

இப்போது ஊரில் யார் வைத்த வெடியும் வெடிக்காவிட்டால் நான் போய்க் குறுக்கே நின்றுவிடுவேன். அங்கேயே அடுப்பு வைத்து அரிசி போட்டு, சோறு வடித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகே கிட்டப் போக விடுவேன். அடுப்பு மூட்ட முதலில் ஓடி வருகிறவர் கந்தையா அண்ணைதான்.