ஹோர்ண் அடித்தால் நின்றுபோகும் லொறி

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். கிளச் மிதிக்க அது உதவாது. எனக்கு வாய்த்ததோ பழைய இங்கிலாந்து லொறி. அதனால் ஒரு யப்பான் வான் வண்டியின், கிளச் தேவைப்படாத ஒட்டோ கியர்பொக்ஸைக் கழற்றி அதில் பூட்டினோம். லொறி ஓடியது, ஆனால் டீசலைக் குடித்தது. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெயில் சுழலும் கொன்வேட்டர், வேகம் எடுத்ததும் வழுக்காமல் இறுகிக்கொள்ள வேண்டும். வான் வண்டியில் அந்த வேலையைப் பார்த்த கொம்பியூட்டர் எங்களிடம் இல்லை.

விசுவமடுவில் வாகன வயரிங் செய்பவர் ஒருவர் பொறுப்பெடுத்தார்.

"ஒரு சுவிச் போதும் அண்ணை. ஓடேக்க போடுங்கோ, கொன்வேட்டர் இறுகி லொக் ஆகும். பிரேக்கை மிதிச்சா தானா விடும். விடாட்டி என்ஜின் நிண்டுடும்."

மூன்று நாள் லொறிக்கடியிலேயே கிடந்தார்.

நான்காம் நாள் காலை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். நடுவில் மனைவி, கதவோரம் வயரிங்காரர். பரந்தன் பக்கமாக வேகம் பிடித்ததும் அவரே சுவிச்சைப் போட்டார். என்ஜின் இரைச்சல் ஒரு படி தணிந்தது. அதே நொடியில் ஹோர்ண் அலறத் தொடங்கியது.

"லொக் ஆயிட்டுது!" என்று கத்தினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"ஹோர்ண் அடிக்குது!" என்றேன்.

"அதைப் பிறகு பாப்பம். ரெண்டு கட்டை தூரத்துக்கு லொக் நிக்குதோ எண்டு பாக்கோணும்."

நான் நிறுத்திவிடாதபடி சுவிச்சைக் கையால் மூடிக்கொண்டார். பிரேக்கை மிதித்தால் ஹோர்ண் அடங்கியது. காலை எடுத்தால் மறுபடி அலறியது. சைக்கிள்காரர் புல்லுக்குள் இறங்கினார்கள். வீதியில் நெல் காயப்போட்டிருந்தவர்கள் அதை விரித்திருந்த படங்கோடு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எதிரே வந்த அம்புலன்ஸ் ஒன்று ஓரங்கட்டி நின்று எங்களுக்கு வழிவிட்டது. நான் வெட்கத்தில் தலையாட்டினேன்.

கடைசியில் மனைவி அவருடைய கையைத் தட்டிவிட்டுச் சுவிச்சை நிறுத்தினாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த வளைவில் வீதி நிறைய மாடுகள். வேகத்தைக் குறைத்து, பழக்கதோசத்தில் ஹோர்ணை அழுத்தினேன். என்ஜின் நின்றுவிட்டது. ஸ்ராட் செய்து மறுபடி அழுத்தினேன். மறுபடி நின்றது. மாடுகள் அசையவில்லை.

மாட்டுக்காரி கிட்ட வந்து பார்த்தாள். "மாடு தன்ரபாட்டில போகும். நீங்கள் ஏன் லொறியை நிப்பாட்டி நிப்பாட்டி அதுகளைக் கூப்பிடுறியள்?"

மனைவிக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. இறங்கிப் போய், மாட்டுக்காரியோடு சேர்ந்து மாடுகளைத் துரத்தினாள்.

வயரிங்காரர் அங்கேயே டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டார். ஹோர்ண் வயரும் பச்சை, லொக் வயரும் பச்சை. இரண்டையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்; ஒன்றுக்குக் கரண்ட் போனால் மற்றதும் வேலை செய்தது. பிரித்து டேப் சுற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும் வழியில் கொன்வேட்டர் சத்தமே இல்லாமல் இறுகியது. அவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"இப்ப லொக் ஆகியிருக்கோ அண்ணை?"

"ஓம்."

"உண்மையாவோ?"

அடுத்த கிழமை கேளாமலே வந்து, சுவிச்சுக்கு மேலே, லொக் ஆனால் எரிகிற ஒரு சின்னச் சிவப்பு பல்ப் பூட்டிவிட்டுப் போனார்.