மாஸ்டரின் காலிக் கட்டம்

போன சனிக்கிழமை காலை, செத்துப்போன ஒருவர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

மணவாள நகரில் எங்கள் பின்தெருவில் குடியிருக்கும் கபடி மாஸ்டர் தேவராஜ். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “உன் மச்சான் எங்கப்பா?”

மச்சான் வேலு - என் மனைவியின் தம்பி - உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். செக் ஷீட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆடிட்டர் முதலில் தேடுவதே அதைத்தானாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜில் முட்டைக் குழி ஒன்று காலியாக இருந்தால் எலுமிச்சம்பழத்தை வைத்தாவது நிரப்பிவிடுவான்.

லீவு நாளில் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுவான். அதற்கு முந்தின வாரம் மாஸ்டரைப் பற்றியும் எழுதினான். பக்கத்தின் ஓரத்தில் ஒரு தகவல் பெட்டி இருக்குமே... பிறந்த ஊர், தொழில், மனைவி பெயர்? அதைச் சரிபார்க்க ஒரு டூல் வைத்திருக்கிறான். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை டைப் செய்து எண்டர் தட்டினால், எதெல்லாம் காலி என்று சொல்லும். காலியாக இருப்பது சரியா, தப்பா? அது அதற்குத் தெரியாது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

வேலு யோசிக்கவில்லை. ‘இறந்த தேதி: காலி’ என்றது டூல். அன்றைய தேதியைப் போட்டான். ‘எல்லாம் சரி’ என்றது டூல்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பக்கத்து ஆரணியில் கபடிப் போட்டி. வாழ்க்கையில் முதல் முறையாக மாஸ்டர்தான் சீஃப் கெஸ்ட். அவர் மனைவி புது வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். போட்டி நடத்தும் இளைஞர்கள் பேனருக்கு விவரம் வேண்டி இணையத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

“ஆரணி ரோட்ல போய்க்கினு இருந்தேன். பேனர்ல என் போட்டோவுக்கு ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலின்னு கீது. இன்னாடான்னு கேட்டா, வேற சீஃப் கெஸ்ட தேடிக்கினு கீறாங்களாம். ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?”

“செத்தவங்களுக்கு யாரு மாஸ்டர் போன் பண்ணுவாங்க?” என்றான் வேலு.

நான் நடுவில் பாய வேண்டியிருந்தது. ஆனால் மாஸ்டர் அடிக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஊட்ல வேட்டிய இஸ்திரி போட்டு வச்சிகீறா” என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

கம்ப்யூட்டர் கேட்டால் உடனே பதில் சொல்கிறோம். ஆள் இருக்கிறாரா என்று ஆளையே கேட்க மட்டும் நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

வேலு தேதியை அழித்தான். நான் ஆரணிக்கு போன் போட்டேன். “சார், கோப்பைல மாஸ்டர் நினைவுக் கோப்பைன்னு பேர் வெட்டியாச்சே... இன்னா பண்றது?” என்றது எதிர்முனை.

என்ன செய்வது? மறுநாள் தன் நினைவுக் கோப்பையைத் தானே தன் கையால் கொடுத்தார் மாஸ்டர். பேனரில் ‘கண்ணீர் அஞ்சலி’ மேல் வெள்ளைத்தாள் ஒட்டி ‘சிறப்பு விருந்தினர்’ என்று எழுதியிருந்தார்கள். குத்துவிளக்கை மறைக்கத் தாள் போதவில்லை. புது வேட்டியில் அந்த விளக்குகளுக்குக் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே வேலு மறுபடி டூலை ஓட்டிக் காட்டினான். ‘எச்சரிக்கை: இறந்த தேதி காலி.’ அவன் விரல் துடித்தது.

சால்வையைக்கூடக் கழற்றாத மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அது காலியாவே கெடக்கட்டும்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அடுத்து என்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதட்டுமா என்று வேலு நேற்று கேட்டான்... கும்பிடு போட்டுவிட்டேன்.