அடம்பன் பிடுங்கிய சனிக்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என் வாப்பாதான் அதிபர். கல்பிட்டிப் பக்கத்தில், கடலைப் பார்த்த வெறும் மணல் நிலம். வகுப்பறை வாசலிலிருந்து அலை வரைக்கும் அடம்பன் கொடி படர்ந்து கிடக்கும். யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதாப் பூப் பூக்கும்.

வாப்பாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது: பச்சைப் புல்தரை, வெள்ளை வேலி, ரோசாச் செடிகள். அதைக் காலைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, "தோட்டம் எண்டா இதுதான். நம்மட முத்தத்துல ஈக்கிறது காடு," என்றார்.

அடுத்த சனிக்கிழமை சிரமதானம். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடி பிடுங்கினோம். கடலுக்குப் போகிற ஆட்களும் அன்று தொழிலை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தார்கள். வாப்பாவை 'நானா' என்று கூப்பிடும் அவருடைய தம்பி, என் சாச்சா, வேரைக்கூட விட்டுவைக்கவில்லை. புல் நட்டு, வேலிக்கு வெள்ளையடித்து முடிந்தபோது வாப்பாவின் முகத்தில் பெருநாள் களை.

பிறகு நோன்பு லீவு வந்தது. கூடவே கடல் பக்கமிருந்து அடிக்கும் சோளகக் காற்றும் வந்து மாதம் முழுக்க வீசியது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்க வாப்பாவோடு நானும் போனேன். திறப்பைப் போட்டுப் பூட்டைத் திறந்தும் முதலாம் வகுப்புக் கதவு அசையவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கதிரை, மேசை எதையும் காணவில்லை. அறை முழுக்க மணல். கரும்பலகையில் பாதியை அது விழுங்கியிருந்தது. புல் இருந்த இடமே தெரியவில்லை.

"யா அல்லாஹ்!" என்றார் வாப்பா. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை, பயந்துபோனேன்.

கூப்பிடு தூரத்தில் சாச்சாவின் மீன்வாடி, வெறும் ஓலைக் கொட்டில், ஒன்றும் ஆகாமல் நின்றது. அதைச் சுற்றி அடம்பன் அப்படியே இருந்தது. வாசலில்கூட மணல் ஏறவில்லை.

வாப்பா அங்கே ஓடினார். "உனக்குத் தெரியும்தானே! ஏன்டா ஒரு வார்த்த சொல்லல்ல?"

சாச்சா வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "நீங்களும் இந்த வாடியில பொறந்து வளந்தவர்தானே, நானா. தெரியாமலா சொல்லுவீங்க? படிச்ச எடத்துல மணலப் புடிச்சு வெக்க வேற வழி சொல்லித் தந்திருப்பாங்க எண்டு நெனச்சேன்."

சாச்சாவின் கன்னத்தில் அறை விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. வாப்பா அடம்பன் கொடியின் மேலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பள்ளிக்கூடத்துக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "மணலை அள்ளிடலாம் வாப்பா," என்று ஆறுதல் சொன்னேன்.