வெற்றிலை அறையில் ஏறிய சுருதி

நாலாவது தடவையாக நான் பரமத்தி வேலூரில் பஸ் இறங்கிப் போனபோது, மரகதத்தின் மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருக்கும் பெரிய விவசாயி.

"ஏனுங்க, இன்னைக்கும் சுருதி நிக்காட்டி இந்தப் பியானோவப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக் குடுத்துப்போடறேன். இத்தனை தடவை பஸ்ஸுல குலுங்கி வாரீங்களே, உங்க இடுப்பே எறங்கிப்போயிருக்குமுங்க."

நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த அப்ரைட் பியானோ கல்யாணத்தின்போது கோயம்புத்தூரிலிருந்து மரகதத்தோடு வந்தது. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே அவள் விரல் பட்டிருந்த சாமான் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசி. சேலத்தில் ஒரு இசைக்கருவிக் கடையில் சுருதி சேர்க்கும் டியூனராக இருந்தேன். முதல் தடவை போனபோது பியானோ ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டியூன் செய்துவிட்டு, "குளிர்ச்சியான இடமா பாத்து மாத்திடுங்க" என்றேன். மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் போனேன். அறை சில்லென்றிருந்தது. நல்ல இடம் என்று பாராட்டினேன். நடு ஸ்தாயிக் கட்டைகள் மட்டும் சுருதி ஏறிக் கிடந்தன. இறக்கினேன். பதினைந்து நாளில் மறுபடி ஆள் வந்தது. இப்போது அதே இடம் இறங்கிப்போயிருந்தது. கம்பியை முறுக்கிப் பிடிக்கும் டியூனிங் பின் லூஸ் என்று தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். இருநூற்றுச் சொச்சம் பின். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

இந்த நாலாவது தடவை மூடியைத் திறந்து, சுருதி பார்க்கும் ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்தேன். கட்டையை அழுத்தினால் சுருதி மறுபடி ஏறியிருந்தது.

பின் லூஸானால் சுருதி இறங்கும். ஏறாது. பத்து வருடம் தொழில் பார்த்தவன் இதை அப்போதுதான் யோசித்தேன்.

மரகதம் உள்ளே போய் ஒரு கேலண்டரை எடுத்து வந்து நீட்டினாள். கட்டத்துக்குக் கட்டம் பென்சில் குறி. ஏறிய நாளுக்கு மேல்கோடு, இறங்கிய நாளுக்குக் கீழ்கோடு.

மாமனார் எட்டிப் பார்த்தார். "அட, மேல்கோடு போட்டதெல்லாம் நாம வெத்தலை கிள்ளுன நாளுங்களே!"

திரும்பிப் பார்த்தேன். பியானோவின் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக ஈரச்சாக்குப் போர்த்திய வெற்றிலைக் கட்டுகள். என் பையும் அவற்றின் மேல்தான் இருந்தது. இரண்டாவது தடவை வந்தபோதும் அங்கேதான் வைத்திருந்தேன். பியானோவின் முதுகில் இருப்பது சவுண்ட் போர்டு, பெரிய மரப்பலகை. வெட்டி எத்தனை வருடமானாலும் மரம் தண்ணீரை மறப்பதில்லை. ஈரம் குடித்து உப்பும், கம்பி விறைக்கும், சுருதி ஏறும். வெற்றிலை சந்தைக்குப் போனதும் பலகை காய்ந்து சுருதி இறங்கும். நான் பியானோவை அல்ல, கொடிக்காலை டியூன் செய்துகொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுங்க. நான்தான் குளிர்ச்சியான இடம்னு சொன்னேன்" என்றேன்.

"ஊட்டுலயே குளுந்த எடம் இதுதானுங்களே! வெத்தலைய வெய்யில்லயா போட முடியும்?"

மரகதத்திடம் கேட்டேன், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"போன ரெண்டு தடவையும் சொல்லத்தானுங்க வந்தேன். டியூன் பண்றப்ப யாரும் பேசக்கூடாதுன்னு கைய காட்டிப்போட்டீங்க."

மாமனார் கேலண்டரை வாங்கிப் பார்த்தார். பிறகு, "நான் படுக்கற அந்தக் கடைசி ரூம்பு ஈரம் தட்டாதுங்க. என்ற கட்டிலை இங்க இழுத்துப் போட்டுட்டு இதை அங்க தள்ளுங்க சாமி. வெத்தலை வாசத்துல எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றார்.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசிக்கிறவரைத்தான் முதலில் பேசச் சொல்வேன். அவர் முடித்த பிறகுதான் மூடியைத் திறப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இது ஒன்றுதான்.

வெற்றிலை இரண்டு தடவை கிள்ளி முடிந்ததும் பரமத்தி வேலூர் போனேன். ஃபோர்க்கைத் தட்டினேன். சுருதி அசையாமல் நின்றிருந்தது. மரகதம் உட்கார்ந்து வாசித்தாள். பக்கத்து வெற்றிலை அறையில் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.