ஓலையை ஒளித்த ராணியும் என் ஓரகத்தியும்

எனக்குக் கல்யாணம் ஆனபோது எட்டாவது தேறியிருந்தேன். ஐம்பதுகளில் எங்கள் திருவண்ணாமலைத் தெருவில் அது பெரிய படிப்பு. ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடச் சொன்னதே என் வீட்டுக்காரர்தான். அவருடைய அண்ணி, என் மூத்த ஓரகத்தி, அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை ஒருமுறை ஆட்டிக்கொண்டாள்.

நேர்காணலுக்குக் கார்டு வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். வரவில்லை. ஒருநாள் தேரடி அருகே தபால்காரர் எதிர்ப்பட்டார்.

“இன்னாம்மா, பயிற்சிக்குப் போவலையா? கார்டை உங்க அக்கா கையிலதானே குடுத்தேன்?”

வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். “கார்டா? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே. என் வீட்டுக்காரர் அண்ணியைக் கேட்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த மாதம்தான் டெண்ட் கொட்டகைக்கு ஒரு சரித்திரப் படம் வந்தது. போர்க்களத்திலிருந்து ராஜா, தன் தம்பி மகனுக்குப் பட்டம் கட்டும்படி ஓலை அனுப்புகிறான். ராணி அதைப் படித்துவிட்டு நகைப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். சபையில், ஓலையே வரவில்லை என்கிறாள். மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுற்றியிருந்த பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாக ராணியைத் திட்டினார்கள். இந்தத் திட்டு என் ஓரகத்திக்கும் விழ வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்குப் படக்கதை சொன்னேன். ராணிக்கு என் ஓரகத்தியின் நடையைக் கொடுத்தேன். மூக்கை உறிஞ்ச வைத்தேன். இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டேன். “நான் இல்லாட்டி இந்த அரமனையே இல்ல” என்று ராணி சொன்னதாகச் சொன்னதும் எல்லோர் கையும் நின்றது. பிறகு ஒரே சிரிப்பு. படத்தின் முடிவில் ராணி அழுது மன்னிப்புக் கேட்பாள். அதை நான் சொல்லவே இல்லை.

ஒரு வாரத்தில் குழாயடியில், “மகாராணி குடம் வருது, வழி விடுங்க” என்று ஆரம்பித்துவிட்டார்கள். பொறுக்க முடியாமல் என் ஓரகத்தியே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏண்டி, அந்த ராணி எங்கடி மூக்கை உறிஞ்சினா?”

“ஓலையை ஒளிச்சாளா இல்லியாக்கா?”

அவள் முகம் கறுத்தது. “நீ படிக்கப் போயிட்டா இவ்ளோ வேலையையும் யாருடி செய்யறது? நான் ஒண்டியா சாவறதா?”

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். “அண்ணி, அந்தக் கார்டு எங்க?”

“அடுப்புல போட்டுட்டேன்.”

அடுத்த வருஷம் மறுபடி மனுப் போட்டேன். கார்டை என் கையில் மட்டும் கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லி வைத்தேன். கார்டு வந்தது. பயிற்சிக்குக் கிளம்பிய அன்று அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பி வந்து கீழ்பென்னாத்தூரில் ஆசிரியையாகச் சேர்ந்தபோதும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து அவள் படுத்த படுக்கையானபோது என்னைக் கூப்பிட்டனுப்பினாள். “அந்த மகாராணிப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட வேணாம்னு தெருவுல சொல்லுடி” என்றாள்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.